மூன்றாவது பொட்டலம் வெள்ளை

நடக்க முடியாத ஒரு மனிதரை, வெள்ளம் இடுப்பளவு நிற்கும்போது, ஒரே ஓர் இரும்புப் பாலம் மட்டும் உள்ள ஊரிலிருந்து எப்படி வெளியே கொண்டுபோவீர்கள்?

பதில் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். அந்த ஊருக்குப் பக்கத்தில் அணுமின் நிலையம் கட்டலாமா என்று ஆராய வந்தவர்களுக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூட எனக்குக் குற்றமில்லை. தெரியாமலே 'இடம் பொருத்தமானது' என்று எழுத அவர்களுக்குக் கை வந்ததே, அதுதான் குற்றம்.

கேள்வியைக் கேட்டவர் சாந்தினி. மலேசியாவில், மூவாருக்குத் தெற்கே, கடலுக்கும் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்கும் இடையில் கிடக்கும் செரூலிங் தோட்டத்துக்காரர். தோட்டம் என்பது இப்போது பெயரில் மட்டும்தான். நிலம் கைமாறிப் பல காலம் ஆகிவிட்டது. பழைய தொழிலாளர் குடும்பங்கள், ஓரத்தில் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். பிள்ளைகள் பாதிப் பேர் சிங்கப்பூருக்குப் பேருந்து ஏறுகிறார்கள். மீதிப் பேர் மூவாரின் நாற்காலித் தொழிற்சாலைகளில்.

சாந்தினியும் நாற்காலித் தொழிற்சாலைதான். உப்புத்தாள் பிடித்து மரத்தை இழைப்பது அவர் வேலை. கால் நூற்றாண்டாக அந்தத் தூளை மூச்சில் வாங்கி, மழைக்காலத்தில் இருமுவார். படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தியவர். நெற்றியில் பொட்டும் வெள்ளிக்கிழமை விரதமும் உண்டு. சாமியை நம்புகிறவர். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம்பிக்கையும் புத்தியும் ஒரே தலையில் குடியிருக்க முடியாது என்று நானும் நெடுநாள் மேடையில் முழங்கியிருக்கிறேன். சாந்தினியைப் பார்த்தபின் கொஞ்சம் வாயை அடக்கிக்கொண்டேன்.

கணவர் சின்னத்தம்பி, தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. உடல்தான் விழுந்தது. பாதி வாயால் அவர் அடிக்கும் நக்கலை முழு வாய்க்காரர்களால் தாங்க முடியாது. ஊரைவிட்டு வெளியே போக ஒரு மண்பாதை. அது பாரிட் என்கிற பெரிய வாய்க்காலைத் தாண்ட ஓர் இரும்புப் பாலம். பாலத்துக்கு அப்பால் செம்பனை வரிசைகள், பிறகுதான் தார்ச்சாலை. மழை வலுத்தால் முதலில் மூழ்குவது பாலம். முன்பொரு வெள்ளத்தில் சின்னத்தம்பியைக் கட்டிலோடு தூக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. குளியலறைக் கதவைக் கழற்றி, அதில் படுக்கவைத்துத் தூக்கிப் போனார்கள். அன்றிலிருந்து அந்தக் கதவுக்குக் கீல் மாட்டவில்லை. ஒரு துணிதான் தொங்குகிறது. கதவு சுவரோரம் சாய்ந்து நிற்கிறது, அடுத்த வெள்ளத்துக்காக.

இப்படிப்பட்ட ஊருக்கு ஒருநாள் பூமியைத் துளைக்கும் இயந்திரம் லோரியில் வந்து இறங்கியது.

தொழிற்சாலைப் பேருந்தைவிட்டு இறங்கி நடந்து வந்த சாந்தினி, அம்மன் கோயில் பக்கம் மேளச் சத்தம் கேட்டு அங்கே போனார். இயந்திரத்தின் உச்சியில் சாமந்தி மாலை. அதன் உடம்பெங்கும் சந்தனம், குங்குமம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். எதிரே கும்பம், கற்பூரம், குருக்கள். நடுவில், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கோயில் தலைவர் கனகராஜ். புல்வெட்டும் குத்தகை எடுத்து மேலே வந்தவர். கோயிலுக்கு ஒரு மண்டபமும் தனக்கு ஒரு பெரிய குத்தகையும் வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இரண்டில் எது முதல் என்பதை அம்மனே அறிவாள்.

"என்னண்ணே, யாருக்குக் கல்யாணம்?" என்றார் சாந்தினி.

"கல்யாணத்தவிட பெருசுலா! கரண்டு ஸ்டேசன் வருது நம்ம பக்கம். அணு கரண்டு!"

"வருதா? வரலாமான்னு பாக்கத்தானே வந்திருக்காங்கன்னு சொன்னாங்க?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு பஜ்ஜி குடுத்து உபசரிக்க மாட்டமா?"

"பஜ்ஜி குடுக்கலாம் தலைவரே. நீங்க தாலிய எடுத்துக் குடுத்துட்டீங்களே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கனகராஜும் சிரித்தார். ஆனால் கற்பூரம் காட்டி முடிந்ததும் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பாதுகாப்புத் தொப்பி அணிந்த கம்பெனி அதிகாரிகளும் கைகூப்பினார்கள். ஒருவர் படம் எடுத்தார்.

இங்கே நடந்த தவறை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை நம்மவர்களைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். மண்ணைத் தோண்டினால் பூசை போடுவது நம் வழக்கம். வீடு கட்டத் தோண்டினாலும், கிணறு வெட்டத் தோண்டினாலும். ஆனால் இவர்கள் தோண்ட வந்தது கட்டுவதற்கு அல்ல, கட்டலாமா கூடாதா என்று மண்ணைக் கேட்பதற்கு. கேள்விக்குப் பூமிபூசை போட்டுவிட்டார்கள். பூசை போட்டாயிற்று என்றால் நம் மனத்தில் காரியம் முடிவாகிவிட்டது. பூசை போட்ட காரியத்தை அதன்பின் குறை சொல்வது அபசகுனம். கட்ட வேண்டும் என்று எந்த அரசாங்கமும் இன்னும் முடிவெடுக்கவில்லை. செரூலிங் தோட்டம் கற்பூரம் கொளுத்தி முடிவெடுத்துவிட்டது.

சில வாரங்களில் ஆய்வு நிறுவனம் பளபளக்கும் துண்டறிக்கை ஒன்றை வீடுவீடாகக் கொடுத்தது. அட்டையில் மாலை போட்ட இயந்திரம். கீழே, 'இந்திய சமூகத்தின் நல்லாசியுடன்'. உள்ளே, மண்ணைப் பார்க்கத் துளைத்த மூன்றாவது குழியின் படம். முதல் இரண்டு குழிகளில் குழாய் சேற்றுக்குள் சும்மா இறங்கிக்கொண்டே போனதை ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. மூன்றாவது குழியைக் கோயிலுக்குப் பின்னால் மேட்டில் போட்டார்கள். அங்கே கெட்டி மண் வந்தது. துண்டறிக்கையில் அந்த மண்தான் இருந்தது. சேற்றுக்கு அதில் இடமில்லை.

சாந்தினி துண்டறிக்கையை எடுத்துக்கொண்டு, கோயிலுக்கு எதிரே இரும்புப் பெட்டி போல இருந்த ஆய்வு அலுவலகத்துக்குப் போனார். உள்ளே ஃபரீஹா என்ற பொறியாளர் இருந்தார். மூவாரில் சாப்பாட்டுக் கடை நடத்தும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண், முப்பது வயதுக்குள்.

"வாங்கக்கா, உக்காருங்க. டீ குடிக்கிறீங்களா?"

"டீ வேணாம்மா. என் வீட்டுக்காரரு நடக்கமாட்டாரு. ஏதாவது ஆச்சுன்னா அவர எப்படி வெளிய கொண்டுபோறதுன்னு கேக்க வந்தேன்."

ஃபரீஹா பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அதுவரை வந்தவர்கள் எல்லாரும் வேலை கிடைக்குமா, மண்டபம் கிடைக்குமா என்றுதான் கேட்டிருந்தார்கள்.

"நல்ல கேள்விக்கா. முடிவு எடுக்குறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியதுல அது ரொம்ப முக்கியமானது."

"வேற என்னல்லாம் பாப்பீங்க?"

ஃபரீஹா சொன்னார். இவ்வளவு மின்சாரம் உண்மையில் தேவையா, வேறு வழியில் கிடைக்காதா என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பிறகு சட்டம். பிறகு, கட்டுகிறவனுக்குக் கட்டுப்படாத ஒரு கண்காணிப்பு அமைப்பு, 'நிறுத்து' என்றால் நிற்க வைக்கிற அதிகாரத்தோடு. நிலையத்தை நடத்தப் படித்த ஆட்கள். எரிந்து முடிந்த எரிபொருளைப் பல தலைமுறைகளுக்கு எங்கே வைப்பது என்ற பதில். மண், கடல், வெள்ளம். கடைசியில், சுற்றி இருக்கும் மக்கள்: எத்தனை பேர், எந்த வழியாகப் போவார்கள், சம்மதிக்கிறார்களா.

"கடைசியிலதான் நாங்களா?" என்றார் சாந்தினி.

"நான் சொன்னதுலதாங்க்கா கடைசி."

"எல்லாத்தையும் பாத்துட்டு, வேணாம்னும் சொல்லலாம்ல?"

"சொல்லலாம். சொல்ல முடியலன்னா அது ஆராய்ச்சியே இல்ல."

"அப்ப என் கேள்விய ஊர்க்காரங்க கருத்துல சேத்துக்கம்மா."

ஃபரீஹா தயங்கினார். "அதுலதாங்க்கா சிக்கல். ஊர்க்காரங்க பூசை போட்டு ஆசி குடுத்துட்டாங்கன்னு எங்க மேனேஜர் ஏற்கனவே மேல சொல்லிட்டாரு. ஒரு ஆள் மட்டும் கேட்டா, அது தனி ஆளு பிரச்சனைன்னு தள்ளிருவாங்க. இன்னும் நாலு பேர கூட்டிட்டு வாங்களேன்."

சாந்தினி நாலு பேரைத் தேடிப் போனார். அங்கேதான் நம் ஊரின் அழகு தெரிந்தது.

பயந்தவர்கள் இருந்தார்கள், இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் பயந்தது பாலத்துக்கு அல்ல. ஜெயபாலன் என்ற இளைஞரின் கைப்பேசியில் மூன்று கண் ஆட்டுக்குட்டி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. எந்த நாட்டு ஆடு, யார் எடுத்த படம், எதுவும் தெரியாது. "அணுவு வந்தா நம்ம ஆடுங்களும் இப்படித்தான்க்கா" என்றார். "உன்கிட்ட ஆடு இருக்கா?" என்று சாந்தினி கேட்டதும் அந்தப் படத்தை இன்னொருவருக்கு அனுப்பினார். அணுமின்சாரம் பேயும் அல்ல, தெய்வமும் அல்ல. சில நாடுகளில் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கிறது. சில இடங்களில் ஊர்களைக் காலி செய்ய வைத்திருக்கிறது. ஒரு நாடு கணக்குப் பார்த்து அதை எடுக்கலாம், கணக்குப் பார்த்து விடலாம். ஆட்டுக்குட்டியைப் பார்த்து எடுக்கவும் கூடாது, விடவும் கூடாது.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் கருப்பாயி அம்மா என்ற ஊர்ப் பெரியவருக்குச் சாமி வந்தது. "என் மண்ணத் தோண்டாதடா!" என்று ஆடினார். அதற்கடுத்த வெள்ளி, கனகராஜின் மைத்துனருக்கு வந்தது. "மண்டபம் கட்டுடா!" என்று அதே அம்மன் சொன்னாள். ஊர் இரண்டாகப் பிரிந்து முறைத்துக்கொண்டது. கடைசியில் கனகராஜ் ஒரு தீர்ப்பைக் கண்டுபிடித்தார்: அம்மனிடமே பூவாக்குக் கேட்பது.

வெற்றிலையில் சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று, தனித்தனிப் பொட்டலமாக மடித்து அம்மன் காலடியில் போடவேண்டும். ஒரு சிறு குழந்தை ஒன்றை எடுத்துத் தரவேண்டும். வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. கல்யாணத்துக்கும் வீடு வாங்கவும் கேட்கிற அதே முறைதான். அணு உலைக்கும் அது போதும் என்று நினைத்தார்கள்! கடல்மட்டத்தையும், வெள்ளத்தையும், களிமண்ணையும் அரளிப்பூவிடம் கேட்டார்கள்.

சின்னத்தம்பியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு சாந்தினியும் போயிருந்தார். குருக்களின் சின்னப் பெண் போய் ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தாள். பிரித்தார்கள். சிவப்பு.

கருப்பாயி பக்கம் ஓர் ஓசை எழுந்தது. கனகராஜ் கையை உயர்த்தினார்.

"இருங்க, இருங்க. அங்க பாருங்க, தூண்டாமணி விளக்கு அணைஞ்சிருக்கு. விளக்கு இல்லாம கேட்டது கணக்குல வராது."

விளக்கேற்றினார்கள். பொட்டலங்களை மறுபடி மடித்துப் போட்டார்கள். குழந்தை எடுத்தாள். மறுபடி சிவப்பு.

"அலமாக்! பாப்பா எந்தக் கையால எடுத்துச்சு? இடது கைதானே? நான் பாத்தேன். குருக்களே, இடது கை ஆகுமா?"

ஆகாது என்றார் குருக்கள், தரையைப் பார்த்தபடி.

மூன்றாவது முறை குழந்தையின் இடது கையை ஒருவர் பிடித்துக்கொண்டார். வலது கையால் எடுத்தாள். வெள்ளை. உடனே மணி அடித்தது, மேளம் கொட்டியது, கனகராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தலைவரே," சாந்தினி கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டார், "நாலாவது ஒண்ணு எடுத்துப் பாக்கலாமே?"

"எதுக்கும்மா? அதான் வெள்ளை வந்திருச்சே!"

"அதத்தான் கேக்குறேன்."

சின்னத்தம்பி பாதி வாயால் உரக்கச் சொன்னார்: "விடு சாந்தி. அம்மனுக்கே மூணு தடவ சொன்னாத்தான் புரியுது. இவங்களுக்கு எத்தன தடவ சொல்லுவ?"

கருப்பாயி அம்மா மட்டும் சிரித்தார். மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு கலைந்தார்கள். சாந்தினிக்குக் கிடைக்க வேண்டிய நாலு பேரும் அந்த வெள்ளை அரளியோடு போய்விட்டார்கள். "பூவாக்கு ஆயிருச்சுக்கா. இனிமே பேசினா குடும்பத்துக்கு ஆகாது" என்றார் ஜெயபாலன். ஆட்டுக்குட்டிக்குப் பயந்தவர் இப்போது அம்மனுக்குப் பயந்தார். பயம் மட்டும் மாறவில்லை.

சிரித்துவிட்டு இதைக் கடந்து போகாதீர்கள். வேண்டிய பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது, வந்ததும் கேட்பதை நிறுத்திவிடுவது: இது செரூலிங் கோயிலில் மட்டும் நடப்பதா? சேற்றுக்குழி இரண்டை விட்டு மேட்டுக்குழி ஒன்றைப் படம் பிடித்தவன் எந்தக் கோயிலில் பூவாக்குக் கேட்டான்? அவன் தலையில் பாதுகாப்புத் தொப்பி, கையில் கணினி. கனகராஜ் கையில் வெற்றிலை. வேறு வித்தியாசம் இருந்தால் யாராவது எனக்குக் காட்டுங்கள்.

அந்த ஆண்டின் கடைசியில் மழை வந்தது. விடாமல் பெய்தது. பாரிட் நிரம்பி, பாலத்தின் கைப்பிடிக் கம்பி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. ஊர் மக்கள் எல்லாரும் மேட்டில் இருக்கும் பாலாய் ராயாவுக்கு, அதாவது ஊர்ப் பொது மண்டபத்துக்கு ஏறினார்கள். சின்னத்தம்பி கதவில் வந்தார். ஒரு முனையைப் பிடித்தவர் ஜெயபாலன். தண்ணீரில் தடுக்கி விழப் பார்த்தபோதும் முனையை விடவில்லை. அது அவருக்குச் சேரவேண்டிய மரியாதை.

மண்டபத்தில் எதிர்பாராத விருந்தாளிகள் இருந்தார்கள். ஆய்வு நிறுவனத்தின் மேலாளர், அவருடைய இரண்டு உதவியாளர்கள், ஃபரீஹா. காலையில் ஊரைப் படம் எடுக்க வந்தவர்கள், பாலம் மூழ்கி மாட்டிக்கொண்டார்கள். பாலத்துக்கு அப்பால் விட்டு வந்த மேலாளரின் நான்கு சக்கர வண்டி செம்பனைக்கு நடுவே கண்ணாடிவரை தண்ணீரில் நின்றது. அவர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலைவரிசை தேடினார்.

"பாருங்க தம்பி," என்று சின்னத்தம்பி தரையிலிருந்து ஃபரீஹாவைக் கூப்பிட்டார், அவர் பெண் என்று தெரிந்தேதான். "உங்க பொஸ்ஸுக்கு இன்னொரு கதவு கழட்டச் சொல்லவா?"

ஃபரீஹா சிரித்தார், பிறகு அழுதுவிடுவார் போல இருந்தது.

நண்பகலுக்குப் பின் மீட்புப் படகு ஒன்று வந்தது. சின்னப் படகு. ஓட்டி வந்த மலாய்க்காரர் கேட்ட முதல் வார்த்தையே, "ஓராங் சாகிட் டுலு." நோயாளிகள் முதலில். சாந்தினி கதவின் பக்கம் ஓடினார். அதற்குள் கனகராஜ் வாசலை அடைத்து நின்றார்.

"ஆபீசர்ங்க மொதல்ல! விருந்தாளிங்கள தண்ணியில நிக்கவெச்சா ஊருக்கு என்ன மரியாதை? சாந்தினி, கொஞ்சம் பொறும்மா. உன் வீட்டுக்காரரு எங்க ஓடப்போறாரு?"

அந்தக் கடைசி வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். நகைச்சுவையாகச் சொன்னார் என்று அவருக்காகப் பின்னால் வாதாடினார்கள்.

மேலாளர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. உதவியாளர்களும் ஏறினார்கள். ஃபரீஹா, "நான் அடுத்ததுல வரேன்" என்றார். மேலாளர் படகிலிருந்து ஆங்கிலத்தில் ஏதோ அதட்டினார். ஃபரீஹா தரையில் கிடந்தவரைப் பார்த்தார், படகைப் பார்த்தார், ஏறிவிட்டார். படகு போகும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த படகு வரப் பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரை சின்னத்தம்பி வாசலோரம் ஈரக் கதவில் கிடந்தார். படுக்கையிலேயே சிறுநீர் போனது. சாந்தினி தன் துப்பட்டாவைப் பிழிந்து பிழிந்து துடைத்தார். கருப்பாயி அம்மா சாரல் படாமல் குடை பிடித்தார்.

"சாந்தி, என்னைய இங்கயே விட்டுரு," என்றார் சின்னத்தம்பி. "நீ மட்டும் ஓடு. சிங்கப்பூருல போயி நில்லு."

"பாஸ்போர்ட் முடிஞ்சிருச்சுங்க. சும்மா கெடங்க."

மூவார் மருத்துவமனையில் சின்னத்தம்பி நெஞ்சுச் சளியோடு நெடுநாள் இருந்தார். திரும்பி வந்தபோது நக்கல் குறைந்திருந்தது. மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். சாந்தினியின் கேள்வி அப்படியே இருந்தது. இப்போது அதற்கு ஒரு முகமும் இருமலும் இருந்தன.

வெள்ளம் வடிந்து சில மாதங்களுக்குப் பிறகு விளக்கக் கூட்டம். எங்கே? பாலத்தின் பக்கத்தில் அல்ல. மூவாரில், குளிரூட்டிய விடுதி மண்டபத்தில். ஊரிலிருந்து பேருந்து, மதியம் பிரியாணி, ஆளுக்கொரு துணிப்பை. மேடையில் கனகராஜ் மேலாளருக்கு மாலை போட்டார். திரையில் ஆய்வின் சுருக்கத்தைக் காட்டினார்கள். மண்: பொருத்தமானது. சமூக ஆதரவு: முழுமையானது. மாலை போட்ட இயந்திரத்தின் படம் மீண்டும் வந்தது. அடுத்து, மக்கள் வெளியேறும் வழி. அங்கே எழுதியிருந்தது இதுதான்: 'சாலை வழி உண்டு. மாற்றாக நீர்வழியும் உண்டு. அண்மைய வெள்ளத்தில் நீர்வழி வெளியேற்றம் வெற்றிகரமாகச் செய்து பார்க்கப்பட்டது.'

படகு! நோயாளியை ஈரத்தில் போட்டுவிட்டு மேலாளர் ஏறித் தப்பிய அந்தப் படகு, ஆய்வுக்குள் சான்றாகக் குடியேறிவிட்டது. எத்தனையோ அயோக்கியத்தனங்களைப் பார்த்திருக்கிறேன். தன் கோழைத்தனத்தையே ஆதாரமாக வரைந்து, திரை போட்டுக் காட்டியவனை அதுவரை பார்த்ததில்லை.

கேள்வி நேரத்தில் சாந்தினி எழுந்தார். ஒலிவாங்கி கைக்கு வந்தது. "என் வீட்டுக்காரர எப்படி வெளிய கொண்டுபோவீங்க?" என்று கேட்டார். உதவியாளர் ஒருவர் மொழிபெயர்த்தார். மேலாளர் புன்னகைத்தார். தனிநபர் ஏற்பாடுகள் எல்லாம் அடுத்த கட்டத்தில், கட்டுவது என்று முடிவானபின் பார்க்கப்படும் என்றார்.

"முடிவானதுக்கு அப்புறம் பாத்து, வழி இல்லன்னு தெரிஞ்சா?"

அதுவும் அடுத்த கட்டம்.

கனகராஜ் முன்வரிசையிலிருந்து திரும்பி, "உக்காரும்மா. ஊர் மானத்த வாங்காத" என்றார்.

"ஊர் மானம் அன்னிக்கே மொத படகுல ஏறிப் போயிருச்சு தலைவரே," என்றார் சாந்தினி. பின்வரிசைகளில் சிரிப்பு. பிறகு மேலாளரைப் பார்த்து, மெதுவாக, நன்றாக நிறுத்திக் கேட்டார்: "சரிங்க ஐயா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எந்தப் பதில் வந்தா வேணாம்னு சொல்லுவீங்க? மண்ணுல எது வந்தா? தண்ணியில எது வந்தா? எங்ககிட்ட எது வந்தா? ஒண்ணு சொன்னா போதும்."

மொழிபெயர்த்தவர் தடுமாறினார். மேலாளர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ பேசினார். பதில் வரவில்லை. அந்த மௌனத்தை எடுத்து அவர்கள் ஆய்வின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கலாம், அதுதான் அதன் உண்மையான முடிவுரை.

அப்போது மேடையின் ஓரத்தில் இருந்த ஃபரீஹா எழுந்தார். முதலில் மலாயில், பிறகு தமிழில் சொன்னார். "அந்தப் படகுல நான் போனேன். அது செஞ்சு பாத்தது இல்ல. நாங்க மாட்டிக்கிட்டோம், எங்கள காப்பாத்தினாங்க. நோயாளி ஒருத்தர விட்டுட்டுப் போனோம். அக்கா கேட்ட மாதிரி, எது வந்தா வேணாம்னு சொல்றதுன்னு நாங்க ஒண்ணுமே எழுதி வெக்கல." சொல்லிவிட்டு உட்காரவில்லை, கீழே இறங்கி வந்துவிட்டார். இப்போது அவர் அந்த நிறுவனத்தில் இல்லை.

சாந்தினியின் பின்னால் கருப்பாயி அம்மா எழுந்து நின்றார். சாமி வந்து ஆடவில்லை. சும்மா நின்றார். ஜெயபாலன் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுந்தார். இன்னும் சிலர். மேலாளர் வேறு வழியில்லாமல், எழுத்துமூலக் கருத்துகள் இன்னும் சில வாரங்களுக்கு ஏற்கப்படும், அதன்பின் ஆய்வு மேலே போகும் என்று அறிவித்தார். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

திரும்பும் பேருந்தில் கனகராஜ் முகம் கொடுக்கவில்லை. "பூவாக்கு மீறிட்டீங்க, அம்மன் பாத்துக்குவா" என்றார் அவருடைய மைத்துனர். "பாக்கட்டும்," என்றார் சாந்தினி. "நானும் அதத்தான் வேண்டிக்கிறேன். நல்லா கண்ணத் தொறந்து பாக்கட்டும்."

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் நடந்ததைக் கணவரிடம் சொன்னார். சின்னத்தம்பி மூச்சு வாங்கிக்கொண்டே, "செஞ்சு பாத்தோம்னா சொன்னானுங்க? அப்ப நெசமாவே செஞ்சு பாப்போம், வா" என்றார். கதவில் அவரைப் படுக்கவைத்து, வீட்டு வாசலிலிருந்து பாலம் தாண்டித் தார்ச்சாலைவரை பகல் வெளிச்சத்தில் தூக்கிப் போவது. தண்ணீர் இல்லாத நாளிலேயே முடிகிறதா என்று பார்ப்பது. கதவில் மணல் மூட்டையை வைத்துக்கொள்ளலாம் என்றார் சாந்தினி. அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"மூட்டை இருமாது. நானே படுத்துக்கிறேன். கணக்கு சரியா இருக்கணும்ல?"

மேலாளருக்கும் கனகராஜுக்கும் சாந்தினி நேரில் போய் அழைப்புச் சொல்லிவிட்டு வந்தார். ஒருவர் வேலை இருக்கிறது என்றார். மற்றவர் முதுகுவலி என்றார். ஃபரீஹா வருகிறார்.

நான்கு முனை உள்ள கதவு அது. சாந்தினி ஒன்று, ஜெயபாலன் ஒன்று, ஃபரீஹா ஒன்று. நான்காவது முனைக்கு ஆள் இல்லை. இந்த மாத முடிவுக்கு முந்திய ஞாயிறு, காலை வெயில் ஏறுவதற்குள், மூவாரிலிருந்து தெற்கே வாருங்கள். வந்து அந்த முனையைப் பிடியுங்கள். அந்தப் பாதையில் ஒரு நோயாளியின் எடையை உங்கள் தோளில் உணர்ந்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். வர முடியாதவர்கள் ஒரு வரி எழுதி அந்த ஆய்வு அலுவலகத்துக்கு அனுப்புங்கள், உங்கள் பெயரோடு, இன்றே: 'எந்தப் பதில் வந்தால் வேண்டாம் என்பீர்கள்?'